படகுகளைத் திருப்பிய முட்டி

கலீல் ரஹ்மானின் வலது முட்டி மடங்கிய சத்தத்தைக் கேட்டு, கோட்டைப்பட்டினத்துக் கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை படகுகளும் பயந்துபோய்க் கரைக்குத் திரும்பின. சும்மா திரும்பவில்லை, பாதி வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்பின. காற்று மட்டும் கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் இலங்கைப் பக்கத்துப் படகுகளும் வழி தவறி இங்கேயே கரையேறியிருக்கும் என்பது கலீலின் கணக்கு.

ஊரில் முக்கால்வாசிப் பேர் இதைச் சந்தோஷத்துக்காகவாவது நம்பினார்கள். அன்றைக்கு நம்பவே மாட்டேன் என்று நின்றவர் ஒரே ஒருவர்தான். கலீலின் மச்சான், அதாவது அவர் மனைவி பரக்கத் நிஷாவின் அண்ணன், முகமது அஸ்வர். சத்தம் வந்தபோது அந்த முட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். அதுதான் வேடிக்கை.

முட்டி முதலில் கெட்டது எப்படி என்பதைச் சொல்லிவிட வேண்டும். கலீல் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல், ஒரு கையில் சில்லறையும் மறுகையில் டிக்கெட்டுமாக, கரகாட்டக்காரரைப் போல ஆயுள் முழுவதும் நின்றவர். அப்போதெல்லாம் ஒரு கீறல் பட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பயணியாக அறந்தாங்கிக்குப் போனார். பஸ் நின்றது. ஒரு காலைத் தரையில் வைத்தார், மறுகால் படியில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பழைய பழக்கம் தொண்டைக்கு வந்துவிட்டது. "போலாம் ரைட்" என்று அவரே கணீரென்று குரல் கொடுத்தார். அப்படி ஒரு குரலைக் கேட்டால் எந்த டிரைவர்தான் நிற்பார்? பஸ் போய்விட்டது. முட்டிச் சில்லு இரண்டாகிவிட்டது.

ஆபரேஷன் செய்து, கம்பி போட்டுச் சில்லை இழுத்துக் கட்டினார்கள். எலும்பு கூடியது. ஆனால் கட்டுப் போட்டு நீட்டி வைத்த காலுக்கு நீட்டியே இருப்பது பிடித்துப்போய்விட்டது. மடங்கு என்றால் மடங்காது. கலீல் நடந்து வந்தால் ஒரு காலும் ஒரு ஊன்றுகோலும் சேர்ந்து வருவது போலிருக்கும். பள்ளிவாசலில் நாற்காலி போட்டு, காலை நீட்டிக்கொண்டு தொழுதார். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சஹனுக்கு நாற்காலி கிடையாதே, அதுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தரையில் விரிப்பை விரித்து, சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டை நடுவில் வைப்பார்கள். நெய்ச்சோறு மலை மாதிரி குவிந்திருக்கும், உச்சியில் கறி. சுற்றி நான்கு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். நால்வரும் உட்கார்ந்த பிறகுதான் கை வைப்பார்கள். நால்வரும் முடித்த பிறகுதான் எழுவார்கள். கலீல், அஸ்வர், உமைர், ஐஸ் பிளான்ட் நடத்துகிற தாவூது ஆகிய நால்வரும் மீசை முளைத்த காலத்திலிருந்து ஒரே சஹன். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். பேசாமல் இருந்த நாட்களிலும் ஒரே சஹனில்தான் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள்.

இந்த நேரத்தில் அஸ்வருடைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க வந்த அஸ்வர், தங்கை கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, கரிசனமாகத்தான் ஆரம்பித்தார்.

"மச்சான், ஒங்களுக்கு மாடியில ஏசி ரூம்ல டேபிள் போடச் சொல்லிட்டேன். தனித் தட்டு. சுகர்காரங்க, இடுப்புவலிக்காரங்க எல்லாரும் அங்கிட்டுத்தான்."

"அப்ப நம்ம சஹன்ல எங்கிடம்?"

"எம் மருமகன் உக்காருவாப்ல."

அந்த மருமகன் ஒரு கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ஆள். நல்லி எலும்பை உறிஞ்சாமல் அப்படியே ஓரத்தில் ஒதுக்கிவிடுவார். தாம் உட்கார்ந்த இடத்தில் அப்படி ஒருத்தரா? உமைர் மகளுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். ஒருமுறை இடம் போனால் போனதுதான். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் மாடியில் சுகர்காரர்களோடு தனித் தட்டு. கலீல் எழுந்து நின்றார். எழுந்தார் என்றால், நட்டமாக நின்றார்.

"ஒன் மகன் கல்யாணத்துல எவன் கையையும் பிடிக்காம நான் தரையில உக்காருவேன் மச்சான். உக்காரலைன்னா, இனிமே எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் வீட்லேருந்து தயிர்ச்சோறு கட்டிக்கிட்டு வாரேன்."

அஸ்வர் முட்டியைப் பார்த்தார், கலீலைப் பார்த்தார். பிறகு தங்கையிடம் திரும்பி, நல்ல தயிராகப் பார்த்து இப்போதே உறை ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து கலீல் அறந்தாங்கி பிசியோதெரபி நிலையத்தில் தவமிருக்க ஆரம்பித்தார். அது ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. கால் சரியில்லாதவர்கள் எல்லாம் செங்குத்தான படியில் ஏறித்தான் போக வேண்டும். ஏற முடிந்தவர்களுக்கு வைத்தியம் தேவைப்படாது, தேவைப்படுகிறவர்களால் ஏற முடியாது என்று கீழே இருந்த பூக்காரி சொல்வாள். எப்படியோ ஏறிவிடுகிறவர்களுக்குப் பாதி வைத்தியம் படியிலேயே முடிந்துவிடும்.

பிசியோதெரபிஸ்ட் வெற்றிசெல்வன் கந்தர்வக்கோட்டைக்காரர். பொறுமைசாலி. முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவம். கலீலைக் குப்புறப் படுக்க வைத்து, முட்டிக்குக் கரண்ட் வைத்து, சுடுமெழுகு பூசி, கோணம் அளக்கிற அளவுகோலை வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பலவந்தமாக மடக்கினால் கம்பி பிய்த்துக்கொள்ளும், முட்டி தானாக மனம் வைத்து மடங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கலீலின் முட்டிக்கோ மனமே இல்லை. நாற்காலியில் உட்காருகிற அளவுக்குக்கூட வராமல், அரைக் கும்பிடு போட்ட மாதிரி நின்றது.

கலீலோடு இன்னும் இரண்டு பேர் தவறாமல் வந்தார்கள். ஒருவர் கீரமங்கலத்து அடைக்கலம். தென்னை மரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குப் பட்டை போட்டிருந்தார். யார் கூப்பிட்டாலும் லாரி திரும்புவது போல முழு உடம்போடுதான் திரும்புவார். இன்னொருவர் ஆரோக்கியதாஸ். பக்கவாதம் வந்து தேறியவர், வலது கை விரல்கள் மூடாது. எந்நேரமும் யாரையோ ஆசீர்வதித்துக்கொண்டிருப்பது போலிருப்பார். மூவரும் ஒருவர் குறையை ஒருவர் கேலி செய்துகொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். ஆனால் கல்யாணம் மட்டும் நாளுக்கு நாள் நெருங்கி வந்தது.

திருப்பம் ஒரு தூக்குச்சட்டியில் வந்தது. அன்று பரக்கத் நிஷாவும் துணைக்கு வந்திருந்தார். மத்தியானத்துக்குக் கறிச்சோறு கொண்டு வந்திருந்தார். பஸ் குலுக்கலில் குழம்பு சிந்திவிட்டதா என்று பார்ப்பதற்காக மூடியைத் திறந்தார். கட்டிலில் குப்புறக் கிடந்த கலீலின் வலது கால் மெல்ல மேலே எழும்பியது. யாரும் தொடவில்லை. மகுடி கேட்ட பாம்பு மாதிரி, குதிகால் தானாகத் தூக்கிக்கொண்டு முட்டியிலிருந்து மடங்கியது. பரக்கத் நிஷா பயந்து மூடியைப் போட்டார். கால் தொப்பென்று விழுந்தது. திறந்தார், எழும்பியது. மூடினார், விழுந்தது. வெற்றிசெல்வன் கையிலிருந்த மெழுகுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, நீங்களா மடக்குறீங்க?"

"நான் சும்மாத்தான் படுத்திருக்கேன் தம்பி. அதுவா போகுது."

படித்த மனிதர் அல்லவா, வெற்றிசெல்வன் உடனே ஆராய்ச்சியில் இறங்கினார். சாம்பார் வைத்துப் பார்த்தார்கள், முட்டி அசையவில்லை. ரசத்துக்குக் கோபித்துக்கொண்டு இன்னும் விறைத்தது. மீன் வறுவலுக்கு மரியாதைக்குக் கொஞ்சம் மடங்கியது. ஆட்டுக்கறிக்கு மட்டும் மனசார மடங்கியது. அதிலும் தொடைக்கறி என்றால் ஒரு அளவு, நல்லி என்றால் அதைவிட நாலு விரல் கூட. அறிவியல் என்று வந்துவிட்டால் சைவம் பார்க்க முடியுமா? மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, ஒரு கையில் கறிக் கரண்டியும் மறுகையில் அளவுகோலுமாக வெற்றிசெல்வன் சிகிச்சை நடத்தினார். கரண்ட் வைக்கிற மெஷினைப் பிடுங்கிவிட்டு, அந்த பிளக்கில் கரண்ட் அடுப்பைச் சொருகினார்கள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. நாட்டுக்கோழிச் சட்டியை இடமிருந்து வலமாகக் கொண்டுபோனால் அடைக்கலத்தின் கழுத்து பட்டைக்குள்ளேயே கிரீச்சென்று திரும்பியது. பிறகு உடம்பு ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக அவர் போய் வர ஆரம்பித்தார். ஆரோக்கியதாஸின் விரல்கள் வஞ்சிரத் துண்டைக் கண்டதும் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் மூடிய கையை அவர் திறக்க மறுத்தார், அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. கீழே துணிக்கடைக்கு வந்தவர்கள் மேலே புதிதாக மெஸ் திறந்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஒருவர் நேராகப் படியேறி வந்து இரண்டு பரோட்டா கேட்டார். வெற்றிசெல்வன் வேலை மும்முரத்தில் அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார். அவரும் படுத்தார். பல வருடமாக இருந்த முதுகுவலி போய், பரோட்டா கிடைக்காத வருத்தத்தோடு வீட்டுக்குப் போனார்.

இத்தனையும் நடந்தும், கலீலின் முட்டி கடைசி நாலு விரல்கடையில் முரண்டு பிடித்தது. குட்டை ஸ்டூலில் உட்காரும் வரை வந்தாயிற்று. சம்மணத்துக்கு வரவில்லை. என்னென்ன கறி காட்டியும் பலனில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வெற்றிசெல்வன் மூக்குப் பஞ்சை எடுத்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்.

"முட்டிக்கு வெவரம் தெரிஞ்சுபோச்சுங்கய்யா. தூக்குச்சட்டிச் சோறு வேற, சஹன் சோறு வேறன்னு பிரிச்சுப் பாக்குது. மிச்சம் கல்யாணத்துலதான் மடங்கும். இல்லைன்னா மடங்காது."

பரக்கத் நிஷாவுக்கு வந்ததே கோபம். "நெசமாவா சொல்றீங்க தம்பி? எத்தனை வருசமா ஆக்கிப் போடுறேன். இந்த மனுசனே ஒருநாளும் கொறை சொன்னதில்ல. இவரு முட்டி சொல்லுதாக்கும்."

கலீல் தூக்குச்சட்டியை மூடிவிட்டார். முட்டி பேசியது போதும் என்று இருந்துவிட்டார்.

கல்யாண நாள் வந்தது. மண்டபம் கொள்ளாத கூட்டம். கடற்கரைப் பக்கமிருந்து காற்று, சமையல் கொட்டகைப் பக்கமிருந்து வாசனை. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பந்திக்கு மேல் பந்தியாக நடந்து, கடைசியில் வீட்டுக்காரர்கள் உட்காருகிற பந்தி வந்தது. விடிந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடாத அஸ்வர் பட்டுச் சட்டையோடு வந்து விரிப்பில் அமர்ந்தார். உமைரும் தாவூதும் உட்கார்ந்தார்கள். மருமகன் போனோடு வந்து நின்றார். அவருக்கு முன்னால் கலீல் வந்து, நாலாவது இடத்தின் ஓரத்தில், நட்ட கம்பம் போல நின்றார். வெற்றிசெல்வன் ஒரு தூணுக்குப் பக்கத்தில், மடியில் சொந்தத் தயிர்ச்சோற்று டப்பாவோடு, பரீட்சைக்கு மகனை அனுப்பிய தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சஹன் வந்தது. நடுவில் வைத்தார்கள். ஆவி எழுந்தது. கலீலின் முட்டி முதலில் நடுங்கியது, பிறகு இளகியது. யார் கையையும் பிடிக்காமல், சரக்கு லிஃப்ட் இறங்குவது போல, கலீல் ஒரே சீராகக் கீழே இறங்க ஆரம்பித்தார். இறங்கினார், இறங்கினார், தரைக்கு ஒரு ஜாண் மேலே வந்ததும் நின்றுவிட்டார். கண்ணுக்குத் தெரியாத ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி, அந்தரத்தில்.

நாலாவது ஆள் உட்காராமல் சஹனில் யாரும் கை வைக்கக் கூடாது. கலீல் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. அஸ்வருக்குப் பசியில் கண் இருட்டியது. நெய்ச்சோறு கண்ணெதிரே ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சஹன்களில்கூட மரியாதைக்குச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள்.

"ஒண்ணு ஏறுங்க மச்சான், இல்லைன்னா எறங்குங்க," என்றார் அஸ்வர். "நடுவழியில நிறுத்தாதீங்க."

கண்டக்டரைப் பார்த்து இதைச் சொல்லலாமா? கலீல் அந்த வலியிலும் முறைத்தார். தாவூதுக்கு இரக்கம் வந்துவிட்டது. அவர் உட்கார வராவிட்டால் சஹனை அவரிடம் கொண்டுபோவோம் என்று தட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். உமைர் மறுபக்கத்தைத் தூக்கினார். அங்கேதான் தப்பு நடந்தது. சாப்பாடு மேலே வருவதைக் கண்ட முட்டி, இனி நான் எதற்கு மடங்க வேண்டும் என்று விறைக்கத் தொடங்கியது. கலீல் மறுபடியும் உயர்ந்தார். அவர்கள் தட்டை இன்னும் உயர்த்தினார்கள், அவர் இன்னும் உயர்ந்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்தப் பந்தி மின்விசிறியில் போய் முடிந்திருக்கும்.

"எறக்குங்க, தட்டை எறக்குங்க," என்று வெற்றிசெல்வன் தூணிலிருந்து ஓடி வந்தார். தயிர்ச்சோற்று டப்பா உருண்டு போனது. "அவருக்குக் கீழ இருக்கணும். முட்டி தேடிக்கிட்டு வரணும்."

இறக்கினார்கள். தட்டு இறங்க இறங்க முட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கியது. சஹன் தரையைத் தொட்டது. மறுபடியும் அதே ஒரு ஜாண். அப்போது வெற்றிசெல்வன் ஒரு காரியம் செய்தார். பிறந்ததிலிருந்து கறியைக் கையால் தொடாத அந்த மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு சஹனுக்குள் கை விட்டு, அடியில் கிடந்த பெரிய நல்லி எலும்பைத் துழாவி எடுத்து, நாலாவது இடத்துக்கு நேராக நட்டு வைத்தார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. தெருவில் இருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியதில் கொஞ்ச நேரம் வெயிலே இல்லை. மருமகனின் போன் தானாக அணைந்தது. மாடியில் ஏசி ரூமில் இருந்த ஒரு பெரியவருக்கு அடைத்திருந்த காது திறந்துகொண்டது. எல்லாம் அடங்கிப் பார்த்தால், கலீல் ரஹ்மான் சம்மணம் போட்டு, பேரரசர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர், வாயில் நல்லி.

நால்வரும் சாப்பிட்டார்கள். அந்தச் சஹனில் ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லை. ஆனால் கை கழுவியதும் அஸ்வர் தம் வேலையைக் காட்டினார்.

"உக்காந்தது வேற மச்சான், விழுந்தது வேற. நீங்க விழுந்தீக."

"அந்தச் சத்தம்?"

"லாரி டயரு. ரோட்டுல வெடிச்சிருக்கும். ஒங்க முட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. உமைர் மகள் கல்யாணத்துக்கு மறக்காம தயிர் வாங்கிருங்க."

உமைரும் தாவூதும் சாட்சி சொன்னார்கள். அஸ்வர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மண்டபமே சொன்னது. என் மகன் கல்யாணத்தில் நான் சொல்வதுதான் கணக்கு என்று நின்றார். சஹனில் இடம் தருகிற உரிமை வீட்டுக்காரருக்குத்தான் உண்டு, அவர் வாயால் வராமல் கலீல் உட்கார்ந்தது செல்லாது. வெற்றிசெல்வன் கையை எட்டாவது தடவையாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, அழுகிற நிலையில் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஒருவர் ஓடி வந்து, கடலுக்குப் போன படகெல்லாம் கரைக்கு வந்து நிற்கிறது என்றார்.

கல்யாண வீடே துறைக்குப் போனது. நிஜமாகவே அத்தனை படகுகளும் வரிசையாக நின்றன. அதில் இரண்டு அஸ்வருடையவை. அவருடைய படகை ஓட்டுகிற செம்மல் முன்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஐஸ் பிளான்ட் வெடித்துவிட்டது என்று நினைத்தார்களாம். ஐஸ் இல்லாமல் மீனைப் பிடித்து என்ன செய்வது, பிளான்ட்டில் வேலை பார்க்கிற தம்பிமார் கதி என்ன என்று பதறிப்போய் வலையை அறுத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"எம் பிளான்ட் நல்லாத்தான்ப்பா இருக்கு," என்றார் தாவூது.

"அப்ப என்னதான் பாய் வெடிச்சது? அதச் சொல்லுங்க. தெரியாம நாளைக்குக் கடலுக்குப் போக மாட்டோம்."

எல்லோரும் அஸ்வரைப் பார்த்தார்கள். அவர் லாரி டயர் என்றார். எந்த லாரி என்று செம்மல் கேட்டார். துறையில் நின்ற வண்டிகளை எல்லாம் ஆட்கள் சுற்றி வந்து பார்த்தார்கள், ஒரு சைக்கிளுக்குக்கூடக் காற்று இறங்கியிருக்கவில்லை. வேறு ஏதாவது வெடியாக இருக்கலாம் என்றார் அஸ்வர். வெடி போடக் கூடாது என்று மண்டபத்தில் கண்டிப்பாகச் சொன்னவரே அவர்தான் என்று உமைர் எடுத்துக் கொடுத்தார். அஸ்வர் கடலைப் பார்த்தார், சும்மா நின்ற படகுகளைப் பார்த்தார், அறுந்த வலைகளைப் பார்த்தார். கடைசியில் திரும்பி, கூட்டத்தின் ஓரத்தில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற கலீலைப் பார்த்தார்.

அஸ்வர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எம் மச்சான் முட்டிதான்ப்பா," என்றார். "சஹனுக்கு முன்னாடி, எவன் கையையும் பிடிக்காம, தானா மடங்குச்சு. அவரு விழல, உக்காந்தாரு. நான் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தேன், எங் கண்ணால பாத்தேன். நடந்தது நெசம்."